தொடக்கப் பொத்தானும் தோட்டப்பள்ளிப் பிள்ளைகளும்

பள்ளிக் கணினிக் கூடத்திற்கு உதவ முன்வரும் பெற்றோர் சிலர், "பழைய தோற்றம் வேண்டாம் ஐயா, திரை பார்க்க அழகாக இருக்கட்டும்" என்பர். அழகா, எளிமையா என்னும் இவ்வழக்கு நீண்ட நாளையது.

1981இல் செராக்ஸ் நிறுவனம் 'ஸ்டார்' கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆவணம், கோப்புறை முதலியவற்றைச் சிறு படங்களாக்கி, அலுவலக மேசையையே திரையில் பரப்பியது அது. 1984இல் வந்த ஆப்பிளின் மெக்கின்டாஷ் அம்முறையைப் பரவச் செய்தது. அலுவலகம் கண்டவர்க்கு அது எளிமைதான். தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்து, கோப்புறையைக் கையால் தொட்டறியாத பிள்ளைக்கு அந்த மஞ்சள் படம் என்ன சொல்லும்? பெருநகரத்தில் வகுத்த எளிமை எல்லார்க்கும் எளிமையாகிவிடாது.

1995 ஆகஸ்டு 24ஆம் நாள் வெளிவந்த விண்டோஸ் 95 சாம்பல் நிறச் சட்டங்களோடு, இடக்கோடியில் 'ஸ்டார்ட்' பொத்தானை வைத்தது. 2001 அக்டோபர் 25இல் வந்த எக்ஸ்பி, 'லூனா' என்னும் நீல, பச்சைத் தோற்றத்தைப் பூண்டது. 'கிளாசிக்' எனும் பழைய தோற்றமும் அதனுள் இருந்தது.

நம் நாட்டில் 2003இல் கணிதம், அறிவியல் பாடங்களை ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் தொடங்கியது. ஆசிரியர்களுக்கு மடிக்கணினிகள் வந்தன. அதற்கடுத்த ஆண்டுகளில் நான் பணியாற்றிய, பீடோங் வட்டாரத் தோட்டப்பள்ளியில் பிள்ளைகளுக்கென இருந்தவையோ நன்கொடைக் கணினிகள். எக்ஸ்பிக்கு மைக்ரோசாப்ட் பரிந்துரைத்த நினைவகம் 128 மெகாபைட்; குறைந்த அளவு 64. எங்களிடம் இருந்தவை பெரும்பாலும் அந்த 64. எனவே எல்லாவற்றையும் கிளாசிக் தோற்றத்திற்கு மாற்றினேன். கணினிகள் சற்று விரைந்தன, பெருமிதம் கொண்டேன்.

ஆண்டு ஒன்று மாணவர்கள் என் பெருமிதத்தைக் குலைத்தனர். ஆங்கிலம் வாசிக்க அறியாத அவர்கள், சாம்பல் பட்டையில் சாம்பல் பொத்தானைத் தேடித் தவித்தனர். மடிக்கணினியில் இருந்த பச்சைப் பொத்தானை மட்டும் ஒரே நொடியில் சுட்டினர். எக்ஸ்பியின் பின்புலத்தில் இருந்த, சார்லஸ் ஓ'ரியர் 1996இல் கலிபோர்னியாவில் எடுத்த பசும் மேட்டுப் படத்தைக் கண்டு ஒரு சிறுமி, "மரத்தையெல்லாம் வெட்டிட்டாங்களா ஐயா? மறுநடவா?" என்றாள்! அன்றே பாதிக் கணினிகளில் பச்சைப் பொத்தானைத் திருப்பி வைத்தேன். வேகம் குறைந்தது, கேள்விகளும் குறைந்தன.

ஆனால் எல்லா அழகும் இப்படி உதவவில்லை. 2007இல் பொதுமக்களிடம் வந்த விஸ்டாவின் 'ஏரோ' கண்ணாடித் தோற்றத்திற்கு 1 கிகாபைட் நினைவகமும், 128 மெகாபைட் வரைகலை நினைவகமும் வேண்டியிருந்தன. சாளரத்தின் விளிம்பு ஊடுருவித் தெரிவதால் எந்தப் பிள்ளை எதைக் கற்றது?

2012இல் விண்டோஸ் 8 எதிர்த்திசையில் பாய்ந்தது. கண்ணாடி போய்த் தட்டையான கட்டங்கள் வந்தன. கிளாசிக் தோற்றமும் ஸ்டார்ட் பொத்தானும் ஒருங்கே மறைந்தன. பார்வைக்கு எளிமை, பயன்படுத்துவோர்க்குத் திகைப்பு. மறு ஆண்டே 8.1 பதிப்பில் பொத்தான் திரும்பிற்று. அலங்காரம் குறைந்ததையே எளிமை என எண்ணியது பிழை என்பது என் கருத்து.

2021 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11, அப்பொத்தானை நடுவிற்கு நகர்த்தியது. அமைப்பில் சென்று இடக்கோடிக்கே மாற்றிக்கொண்டேன். என் மகள் தன் கணினியில் அதை நடுவிலேயே விட்டிருக்கிறாள்.