மணலில் எழுதிய விரல்

1623ஆம் ஆண்டு நவம்பரில், இக்கேரி நாயக்கரைக் காணச் சென்ற போர்த்துக்கீசியத் தூதருடன் பயணம் செய்துகொண்டிருந்த இத்தாலியர் பியெத்ரோ தெல்லா வல்லே, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்களைக் கண்டார். தரையில் மெல்லிய மணலைத் தூவி, ஒருவன் இராகமிட்டுச் சொல்ல, எல்லோரும் பாடியபடியே விரலால் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆசிரியர் எவரும் அருகில் இல்லை. தவறு நேர்ந்தால் யார் திருத்துவார்கள் என்று கேட்டார். நால்வரும் ஒரே இடத்தில் தவறு செய்ய மாட்டோம்; ஒருவன் பிசகினால் மற்றவர்கள் திருத்துவோம் என்பது சிறுவர்களின் விடை.

அந்த விடையில் ஒரு கல்விமுறையே அடங்கியிருக்கிறது. வாய் சொல்கிறது, காது கேட்கிறது, விரல் வளைவையும் சுழியையும் உணர்கிறது. பிழையானால் ஒரு கைவீச்சில் அழிந்துவிடும். தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இதே வழக்கம்தான். எழுத்தாணி பிடிக்க மணிக்கட்டில் வலு வேண்டும். ஓலையில் கீறியதை அழிக்கவும் முடியாது. எனவே ஐந்து வயதுப் பிள்ளைக்கு முதலில் மணல், ஓலை பிறகு. மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களின் விரல் பிடித்து எழுதவைப்பான்.

இந்த மணல் கடல் கடந்த கதை சுவாரஸ்யமானது. 1787இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல், 1789இல் எழும்பூரில் தொடங்கப்பட்ட ஆண்கள் அநாதை விடுதியின் பொறுப்பாளரானார். ஆங்கிலேயச் சிப்பாய்களுக்கும் இந்தியப் பெண்களுக்கும் பிறந்த பிள்ளைகளே அங்கே பெரும்பாலும் இருந்தனர். ஒருநாள் ஒரு ‘மலபார்ப் பள்ளி’யில் குழந்தைகள் தரையில் அமர்ந்து மணலில் எழுதுவதை பெல் பார்த்தார். (அன்றைய ஐரோப்பியர் தமிழரையும் மலபாரிகள் என்றே அழைத்தனர் என்பதை நினைவில் கொள்க.) தம் விடுதியிலும் அரிச்சுவடியை அவ்வாறே கற்பிக்கச் சொன்னார். உதவி ஆசிரியர் அது நடக்காது என்று கைவிரித்துவிட்டார். பெல் வேலையை ஜான் ஃப்ரிஸ்கென் என்ற மாணவனிடம் ஒப்படைத்தார். ஒரு சாதாரணச் சிப்பாயின் மகன், வயது எட்டு. பெரியவர் முடியாது என்றதை அவன் செய்து காட்டினான். பின்னர் மற்ற வகுப்புகளும் சிறுவர்கள் கைக்கு மாறின.

பெல் ஊர் திரும்பி 1797இல் இலண்டனில் வெளியிட்ட சிறு நூலில் விவரித்த முறை ‘மதராஸ் முறை’ எனப் பெயர் பெற்றது. ஏறத்தாழ அதே காலத்தில் அங்கே ஏழைகளுக்கான பள்ளி நடத்திவந்த ஜோசப் லங்காஸ்டரும் மணலை எடுத்துக்கொண்டார். யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருடைய ஆதரவாளர்களும் ஆண்டுக்கணக்கில் சண்டையிட்டார்கள். திண்ணையில் அமர்ந்திருந்தவர்கள் அந்தச் சண்டையில் ஒரு தரப்பாகக் கருதப்படவில்லை.

அங்கே போன மணல் வேறு மணலாகிவிட்டது. ஓர் ஆசிரியரே ஆயிரம் பிள்ளைகளை ஆளலாம் என்பது லங்காஸ்டரின் பெருமிதம். காகிதச் செலவு மிச்சம், ஆசிரியர் சம்பளம் மிச்சம். மேசைமீது விளிம்பு கட்டிய தட்டில் மணல். கட்டளைக்கு எழுதி, கட்டளைக்கு அழிக்க வேண்டும். கோயில் முகப்புச் சிறுவர்கள் ஒருவரையொருவர் திருத்திக்கொண்டார்கள். இங்கே கண்காணிப்பாளச் சிறுவன் மற்றவர்களை நடத்தினான். ஆலைகள் பெருகிய நாட்டில் பள்ளியும் ஆலையின் ஒழுங்கைப் பெற்றது வியப்பில்லை.

அதற்காக நம் திண்ணையைப் பொற்காலமாக்க நான் தயாரில்லை. மதராஸ் கவர்னர் மன்றோ 1822இல் தொடங்கிய கல்விக் கணக்கெடுப்புக்குப் பெல்லாரி கலெக்டர் கேம்ப்பெல் 1823இல் அனுப்பிய அறிக்கை நேர்மையான ஆவணம். சிக்கனமாக எழுதக் கற்பிப்பதையும், முன்னேறிய மாணவர் பின்தங்கியவருக்குச் சொல்லித் தருவதையும் பாராட்டி, இங்கிலாந்து இதைப் பின்பற்றியது தகும் என்கிறார். உடனேயே, பொருள் விளங்காத செய்யுட்களைப் பிள்ளைகள் ஒப்பிப்பதையும் கண்டிக்கிறார். விரலுக்குப் புரிந்தது மனத்துக்குப் போய்ச் சேரவில்லை. கோதண்டம் போட்டுத் தொங்கவிடும் தண்டனையும் அதே திண்ணையில்தான் இருந்தது. பெண் குழந்தைகள் அங்கே அரிது; தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்டோரின் பிள்ளைகளுக்கு அந்த மணல் பெரும்பாலும் எட்டவேயில்லை.

விரலின் அறிவைத் தனியே ஆராய்ந்து முறைப்படுத்தியவர் மரியா மாண்டிசோரி. 1907இல் ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் அவர் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தின் உப்புத்தாள் எழுத்துகள் புகழ்பெற்றவை. எழுத்தின் வடிவை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிப் பழகிய பிறகே எழுதுகோல். அவர் 1939இல் அடையாற்றுக்குப் பயிற்சி அளிக்க வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் எதிரி நாட்டவராகி, 1946வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. அதில் சில ஆண்டுகள் கொடைக்கானலில். மணலில் எழுதிய ஊருக்கே உப்புத்தாள் வந்துசேர்ந்தது. ஆனால் அது பெரும்பாலும் கட்டணப் பள்ளிகளின் அலமாரிக்குள்தான் தங்கியது.

2003இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி பள்ளத்தாக்குப் பள்ளியின் அட்டைகளும் கற்றல் ஏணியும் அதற்கு ஊற்று. 2007இல் அது தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் பரவியது. பின்னர் பலமுறை மாற்றம் கண்டு, 2022இல் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்துக்கு வழிவிட்டது. அந்த வகுப்பறைகளில் குழந்தைகள் தரையில் பாயில் வட்டமாக அமர்ந்தார்கள்; சுவரின் கீழ்ப்பகுதியில், அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில், ஆளுக்கொரு கரும்பலகைத் துண்டு. ஒரு குழுவுக்கு ஆசிரியர் உதவினார். இன்னொன்றில் குழந்தைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள்.