பூட்டிய சிப்பம்: கோப்புச் சுருக்கமும் திறக்கும் உரிமையும்

1

ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவையாகத் தோன்றும் மூன்று காரியங்கள் 1983ஆம் ஆண்டில் நடந்தன. ஜூன் மாதம், அமெரிக்காவின் ஸ்பெர்ரி நிறுவனத்தைச் சேர்ந்த டெர்ரி வெல்ச் என்பவரின் தரவுச் சுருக்க முறைக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பம் போடப்பட்டது. செப்டம்பரில் ரிச்சர்ட் ஸ்டால்மன், யாரும் பயன்படுத்தவும் பிரித்துப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடிய ஒரு முழு இயங்குதளத்தை எழுதப்போவதாக அறிவித்தார். அதுதான் க்னூ திட்டம். அதே ஆண்டில் சென்னைத் துறைமுகத்தில் கண்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது.

மூன்றும் ஒரே கேள்வியைச் சுற்றி வருகின்றன. ஒரு பொருளை எப்படிச் சிப்பம் கட்டுவது, அதைத் திறக்கும் அதிகாரம் யாரிடம் இருப்பது? கோப்புச் சுருக்கத்தை இடத்தை மிச்சப்படுத்தும் வெறும் தொழில்நுட்பமாகப் பார்ப்பதே நம் பொதுப்புத்தி. 'ஜிப் பண்ணி அனுப்பு' என்கிறோம், அனுப்புகிறோம், அத்தோடு மறந்துவிடுகிறோம். 'இதுல போயி என்னங்க அரசியல் இருக்கு?' என்று கேட்கும் தோழர்களுக்காகத்தான் இந்த வரலாற்றைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2

சுருக்கம் எப்படி வேலை செய்கிறது? ஒரு துண்டறிக்கையில் 'திருவொற்றியூர்' என்ற சொல் இருபது இடங்களில் வருகிறது என்று வையுங்கள். முதல் தடவை முழுசாக எழுதிவிட்டு, அடுத்தடுத்த தடவைகளில் 'இத்தனை எழுத்து பின்னால் போய், அங்கிருந்து இத்தனை எழுத்தை எடுத்துக்கொள்' என்று ஒரு குறிப்பு மட்டும் போட்டால் போதும். ஆபிரகாம் லெம்பெல், யாக்கோபு ஸிவ் என்ற இரண்டு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் 1977-லும் 1978-லும் வெளியிட்ட கட்டுரைகளின் சாரம் இதுதான். இதற்கு முன்பே, அடிக்கடி வரும் குறிக்குச் சின்னக் குறியீடும் அரிதாக வரும் குறிக்கு நீளமான குறியீடும் கொடுக்கும் வழியை டேவிட் ஹஃப்மன் 1952-ல் எழுதியிருந்தார். இவ்விரண்டும் சேர்ந்ததுதான் இன்றைய பெரும்பாலான சுருக்க நிரல்களின் அடித்தளம். அறிவு பொதுவெளியில் கிடந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

வெல்ச் 1978 முறையை மேம்படுத்தி 1984-ல் ஓர் ஆய்விதழில் வெளியிட்டார். அதைப் படித்தவர்கள் யூனிக்ஸ் கணினிகளுக்காக 'கம்ப்ரஸ்' என்ற நிரலை எழுதினார்கள். அதற்குக் காப்புரிமை விண்ணப்பம் காத்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. 1985 டிசம்பரில் காப்புரிமை வழங்கப்பட்டது. ஸ்பெர்ரி பிற்பாடு யூனிசிஸ் நிறுவனத்தின் அங்கமானது. 1994 இறுதியில், இதே முறையைப் பயன்படுத்தும் ஜிஃப் படக்கோப்புகளுக்கான மென்பொருளை எழுதுவோர் கட்டணம் கட்ட வேண்டும் என்ற அறிவிப்பு வந்தது. பத்து வருஷம் ஊரே நடந்த பாதையில் ஒருநாள் காலையில் சுங்கச்சாவடி முளைத்த மாதிரி.

இந்த இடத்தில்தான் 'ஜிஸிப்' வருகிறது. காப்புரிமைச் சிக்கலில்லாத ஒரு சுருக்க நிரல் க்னூ திட்டத்துக்குத் தேவைப்பட்டது. ஜான்-லூ கெய்லி, மார்க் ஆட்லர் இருவரும் லெம்பெல்-ஸிவின் 1977 முறைக்கே திரும்பிப்போய், அதோடு ஹஃப்மன் முறையையும் இணைத்து எழுதி, 1992 அக்டோபர் 31 அன்று முதல் பதிப்பை வெளியிட்டார்கள். 1996-ல் கோப்பின் வடிவமும் எல்லோரும் படிக்கும்படி ஆவணமாக வெளியிடப்பட்டது. வெல்ச் காப்புரிமை 2003 ஜூனில் அமெரிக்காவில் காலாவதியான போது அதற்கு மாற்று உலகெங்கும் வேரூன்றிவிட்டிருந்தது.

இது எங்கோ நடந்த அந்நியக் கதை அல்ல. கணிதமுறையும் கணினி நிரலும் அவையாகவே காப்புரிமைக்கு உரியவை அல்ல என்று நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(க்) பிரிவு சொல்கிறது. இது 2002 திருத்தத்தில் வந்தது. 2004 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டம் இதில் ஓட்டை போட்டது. 2005-ல் நாடாளுமன்றத்தில் மசோதா வந்தபோது, இடதுசாரிகளின் அழுத்தமும் சேர்ந்து அந்த ஓட்டையை அடைத்தது. மருந்துக் காப்புரிமை பற்றிய சத்தத்தில் இந்தச் சின்ன வெற்றி அதிகம் பேசப்படவில்லை.

3

இப்படிப்பட்ட ஒரு நிரலை நீங்களே கட்டி நிறுவுவது என்றால் என்ன? மூல நிரல் ஒரு சிப்பமாக வருகிறது. பிரித்தவுடன் 'கான்ஃபிகர்' என்ற கட்டளை. அது உங்கள் கணினியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்து, என்ன இருக்கு, என்ன இல்லை என்று கணக்கெடுக்கிறது. அடுத்து 'மேக்': மனிதர் படிக்கும் மூலத்தை எந்திரம் ஓட்டும் வடிவமாக மாற்றுகிறது. 'மேக் செக்' சோதித்துப் பார்க்கிறது. கடைசியாக 'மேக் இன்ஸ்டால்', செய்த பொருளை அதனதன் இடத்தில் வைக்கிறது. நாலே வரி.

இதில் ஒரு வேடிக்கையான முடிச்சும் உண்டு. ஜிஸிப் நிரலையே ஜிஸிப் போட்டுச் சுருக்கி அனுப்பினால், அது இல்லாதவர் எப்படித் திறப்பார்? சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். எனவே ஆரம்பகாலப் பதிப்புகளைச் சுருக்காத வடிவிலும் சேர்த்தே வெளியிட்டார்கள். திறக்கும் கருவி பூட்டில்லாமல் கைக்குக் கிடைக்க வேண்டும் என்பது இங்கே நடைமுறையாகவே இருந்தது. யாரும் அதைக் கொள்கை விளக்கமாக எழுதிவைக்கவில்லை.

இன்னொன்று. ஒவ்வொரு ஜிஸிப் கோப்பின் வாலிலும் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று சரிபார்ப்பு எண், மற்றது மூலக் கோப்பின் அளவு. விரித்து முடித்ததும் நிரல் கணக்கை ஒத்துப் பார்க்கும். துறைமுகத்தில் டேலி கிளார்க் ஏறிய மூட்டைக்கும் இறங்கிய மூட்டைக்கும் கோடு போட்டு நேர்பார்ப்பதைப் போல. ஆனால் கணக்கு நேராவதும் சரக்கு நல்லதாக இருப்பதும் ஒன்றல்ல. இதற்கு மறுபடி வருவோம்.

4

கண்டெய்னர் வருவதற்கு முன் ஹார்பர் வேலை என்பது மூட்டையும் பீப்பாயும் கொக்கியும் தோளும். அந்த உழைப்பின் கொடுமையை நாம் அழகுபடுத்திப் பேச வேண்டியதில்லை. ஆனால் தொழிலாளியின் உடம்புக்கும் சரக்குக்கும் இடையே ஒரு நேரடி உறவு இருந்தது. நெடியும் எடையும் கசிவும் அவர் அறிந்த விஷயங்கள். உலக அளவில் 1956-ல் தொடங்கி, 1960களின் இறுதியில் சர்வதேச அளவுகோல் பெற்ற இரும்புப் பெட்டி இந்த உறவை அறுத்தது. பெட்டிக்கு வெளியே ஒரு எண், ஒரு சீல். உள்ளே என்ன என்பது காகிதத்தில் மட்டும். தூக்குகிற கிரேனுக்கும் ஓட்டுகிற டிரைலர் டிரைவருக்கும் எல்லாப் பெட்டியும் ஒரே பெட்டி.

இந்த மௌனத்தின் விலை என்ன என்பதை மணலியில் பார்த்தோம். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த அமோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில் சுமார் 697 டன், மணலியில் உள்ள ஒரு சரக்குப் பெட்டக நிலையத்தில் ஐந்து வருஷம் கிடந்தது. 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் அதே ரசாயனம் வெடித்து இருநூறுக்கும் மேற்பட்டோர் செத்த பிறகுதான் இங்கே செய்தியானது. அதே மாதத்தில் ஏலம் விட்டு ஹைதராபாத்துக்கு அனுப்பினார்கள். சட்டப்படி எல்லாம் பதிவேட்டில் இருந்தது. கணக்கு நேர். பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு மட்டும் அந்தப் பதிவேட்டைத் திறக்கும் சாவி இல்லை.

5

'அதுக்குத்தான் திறந்த மூலம்' என்று உடனே சொல்லிவிட முடிந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இல்லை. 2024 மார்ச் 29 அன்று வெளிப்பட்ட விஷயம் அந்த எளிய நம்பிக்கையை உலுக்கியது.

ஜிஸிப்பைவிட இறுக்கமாகச் சுருக்கும் 'எக்ஸ்இஸட்' என்ற திறந்த மூல நிரல் லினக்ஸ் உலகில் பரவலாகப் பயன்படுவது. பல ஆண்டுகளாக அதைப் பராமரித்தவர் லாஸ்ஸே காலின், சம்பளமில்லாமல். 2022-ல் 'புதுப் பதிப்பு எப்போ? ஏன் இவ்வளவு தாமதம்?' என்று சிலர் அவரைத் தொடர்ந்து நெருக்கினார்கள். அதே காலத்தில் 'ஜியா டான்' என்ற பெயரில் ஒருவர் பொறுமையாக உதவி செய்துவந்தார், நம்பிக்கை பெற்றார், பதிப்பு வெளியிடும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. 5.6.0, 5.6.1 ஆகிய இரண்டு பதிப்புகளில் ஒரு கள்ளக்கதவு வைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து லினக்ஸ் கணினிக்குள் நுழையும் பாதுகாப்பு வாசலைக் கைப்பற்றுவது அதன் நோக்கம்.

எங்கே ஒளித்தார்கள் என்பதுதான் முக்கியம். கள்ளச்சரக்கு, சோதனைக்காக என்று சேர்க்கப்பட்ட சுருக்கிய கோப்புகளுக்குள் இருந்தது. அதிலொன்று வேண்டுமென்றே கெடுத்துவைக்கப்பட்ட மாதிரிக் கோப்பு என்று பெயர் சூட்டப்பட்டது. கெட்டுப்போனது என்று எழுதியிருப்பதை யார் பிரித்துப் பார்ப்பார்? அதை வெளியே எடுத்து நிரலில் பின்னும் வரிகளில் முக்கியமானது பொதுவெளி மூலத்தில் இல்லை. பதிப்பாக வெளியிட்ட சிப்பத்தின் கட்டுமானக் குறிப்பில் மட்டும் இருந்தது. அதாவது, நாம் மேலே பார்த்த 'கான்ஃபிகர்' கட்டத்தில். வீட்டில் தானாகக் கட்டிப் பார்ப்பவரிடம் அது வாயைத் திறக்காது. டெபியன், ரெட்ஹேட் வகைச் சிப்பங்களைக் கட்டும் இடத்தில் மட்டும் விழித்துக்கொள்ளும். ஆண்ட்ரஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியாளர், கணினிக்குள் நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியதால் பிடிபட்டது. பெரும்பாலான நிலைத்த பதிப்புகளுக்குப் போய்ச்சேருமுன் தடுத்துவிட்டார்கள்.

இதை எப்படி வாசிப்பது? திறந்த மூலம் தோற்றது என்பது ஒரு வாசிப்பு. திறந்திருந்ததால்தான் சம்பளத்துக்குக் கட்டுப்படாத ஒரு சந்தேகம் உள்ளே நுழைந்து பார்க்க முடிந்தது என்பது இன்னொரு வாசிப்பு. இரண்டும் உழைப்பை மறைக்கின்றன. பெருநிறுவனங்களின் கணினிகள் ஒரு தனிமனிதரின் ஓய்வு நேரத்தின் மேல் நின்றுகொண்டிருந்தன. அவர் களைத்த இடத்தில்தான் கதவு திறந்தது. உரிமம் திறக்கும் உரிமையைத் தருகிறது. திறந்து பார்க்கும் நேரத்தையும் கூட்டத்தையும் அது தருவதில்லை. அவற்றை நாம்தான் உண்டாக்க வேண்டும்.

6

சுருக்கத்தில் இரண்டு ஜாதி உண்டு. ஜிஸிப், எக்ஸ்இஸட் எல்லாம் இழப்பற்ற சுருக்கம். விரித்தால் ஒரு புள்ளிகூடக் குறையாமல் மூலம் திரும்பும். ஜேபெக் படம் போன்றவை இழப்புள்ள சுருக்கம். கண்ணுக்குத் தேவையில்லை என்று யாரோ முடிவு செய்ததை வெட்டி எறிந்துவிடும், திரும்பப் பெற வழியில்லை.

தமிழுக்கு முதல் ஜாதி ஒரு சின்ன நீதி செய்கிறது. 'திருவொற்றியூர்' நமக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் பதினான்கு குறிகள், இணையத்தில் புழங்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 42. ஆங்கிலத்தில் அதே ஊர்ப்பெயர் 12 பைட்டில் முடிந்துவிடும். தமிழ்க் குறி ஒவ்வொன்றின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175. மாறாமல் திரும்பத் திரும்ப வரும் இந்தச் சுமையைச் சுருக்கி பெருமளவு இறக்கிவைத்துவிடுகிறது. அந்த வசதியில்லாத குறுஞ்செய்தியில் ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70 குறி. மையத்தின் மொழிக்கு ஏற்ற அளவுகோலில் விளிம்பின் மொழி கட்டும் கூலி இது.

ஆனால் நம் பகுதி மக்களுக்கு அரசு தருவது பெரும்பாலும் இரண்டாம் ஜாதிச் சுருக்கம். எண்ணூரில் ஒரு திட்டத்துக்குப் பொதுக் கருத்துக்கேட்பு என்றால், 2006 அறிவிக்கையின்படி தமிழில் கட்டாயமாகத் தர வேண்டியது சுற்றுச்சூழல் அறிக்கையின் சுருக்கம் மட்டும். மூலம் நூற்றுக்கணக்கான பக்க ஆங்கிலம். அந்தத் தமிழ்ச் சுருக்கத்தை வைத்து மூலத்தை யாராலும் விரித்தெடுக்க முடியாது. எது தேவையில்லை என்று முடிவு செய்தது யார்? 1996-ல் ஒப்புதல் பெற்ற கடற்கரை மண்டல வரைபடத்தில் இருந்த எண்ணூர்க் கழிமுகம், தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் பிற்பாடு கொடுத்த இன்னொரு வரைபடத்தில் காணாமல் போனது 2017-ல் பெரும் பிரச்சினையானது. இறால் பிடிக்கிறவர் தினமும் இறங்கும் தண்ணீர், காகிதத்தில் சுருங்கி இல்லாமலே போய்விட்டது. பழைய வரைபடத்தை வைத்திருந்தவர்கள் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டியதால்தான் கணக்கு உதைத்தது.

7

தமிழகத்துக்குத் திறந்த மூலம் புதிதல்ல. அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக்கும் 2005-லிருந்து இதற்கான தேசிய மையமாக இயங்கின. அங்கிருந்து வந்த பாஸ் லினக்ஸ், 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பள்ளிப் பிள்ளைகளின் கைக்கு வந்தது. இருந்தது என்பதும் கட்டத் தெரிந்தது என்பதும் வேறு வேறு. கொடுத்த பெட்டியைப் பிரித்துப் பார்க்கலாம் என்ற துணிச்சலை எந்தத் திட்டமும் பெட்டியோடு சேர்த்துக் கொடுப்பதில்லை.

எனவே ஜிஸிப்பை ஒரு தடவையாவது மூலத்திலிருந்து கட்டிப் பார்ப்பது இளம் தோழர்களுக்கு நல்ல பயிற்சி என்பேன். நாலு கட்டளையையும் ஓட்டிவிட்டு எழுந்து போகாமல், கட்டுமானக் குறிப்பை வரிவரியாகப் படிக்கிற நாலு பேர் கூட்டமாக உட்கார வேண்டும். பொதுவெளியில் கிடக்கும் மூலத்தையும் கைக்கு வந்த சிப்பத்தையும் ஒத்துப் பார்க்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். வரைபடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேட்டவர்கள் செய்ததும் இதே வேலைதான். இன்னும் ஒன்று: இதைப் பராமரிக்கிற ஆட்கள் யார், அவர்களுக்குச் சோறு போடுவது யார் என்ற கேள்வியைத் தொழிற்சங்கக் கேள்வியாகவே எழுப்பியாக வேண்டும். அதைக் கேட்காமல் 'கட்டற்ற மென்பொருள்' என்று கொண்டாடுவது, கிரேனைப் பார்த்துவிட்டு அதன் அடியில் நிற்கிற ஆளைப் பார்க்காமல் போவதுதான்.