ஆறு பேரா, ஒரே பேரா?

நடுவர் அவர்களே! எதிரணியில் பேசிவிட்டுப் போன அம்மா, "ஒருத்தர் பேரை வாய்க்கு வந்தபடி மாத்திச் சொல்றது அவரை அவமதிக்கிறதுதான்" என்று ஒரே போடாகப் போட்டார்கள். கைதட்டலும் வாங்கிவிட்டார்கள். அவர்களிடம் ஒன்று கேட்கிறேன். ஜான், இவான், ஹுவான், ஜொவான்னி, ஹான்ஸ், ஷான்... இவர்கள் எத்தனை பேர்? ஆறு பேர் இல்லை தாயே, ஒரே பேர்! (சிரிப்பு)

மூலம் எபிரேயம். 'யோஹனான்'. கடவுள் அருள் புரிந்தார் என்று பொருள். அது கிரேக்கருக்குப் போனது. ஆண் பெயர் 'ஸ்' என்று முடிவது அவர்கள் இலக்கணத்துக்கு நன்றாக ஒத்துவரும். 'இயோவான்னேஸ்' ஆக்கினார்கள். ஏன், நாம் ராமவை ராமன் ஆக்கவில்லையா? கம்பர் லட்சுமணனை இலக்குவன் என்றாரே, அவமதிக்கவா சொன்னார்?

லத்தீனில் அதன் முதல் எழுத்துக்கு 'ய' ஒலிதான். பழைய பிரெஞ்சுக்காரர் வாயில் அது 'ஜ' ஆனது. 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். கூடவே 'ஜ'வும் கப்பலேறியது. பிறகு பிரெஞ்சுக்காரர் அந்த ஒலியை மென்மையாக்கிவிட்டார்கள். அதற்கு நம்மிடம் எழுத்தே இல்லை, 'ழான்' என்று எழுதி ஒப்பேற்றுகிறோம். ஆங்கிலேயரோ வாங்கின கடனைத் திருப்பாமல் பழைய 'ஜ'வையே வைத்துக்கொண்டார்கள்! (கைதட்டல்)

அயர்லாந்து இன்னும் வேடிக்கை. லத்தீன் வழியாக முன்பே வந்த பெயர் அங்கே 'ஓவென்'. 1169-க்குப் பிறகு நார்மானியரோடு அதே பெயர் மறுபடியும் வந்தது. ஐரிஷ் நாக்கில் 'ஜ' கிடையாது, 'ஷான்' என்றார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல் வழியாக ஒரே விருந்தாளி!

ஒன்றை மட்டும் அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கிறேன். ஆங்கிலேயர் ஆட்சியில் 'ஷான்' என்று வீட்டில் கூப்பிட்ட பிள்ளையை ஏட்டில் 'ஜான்' என்று எழுதிக்கொண்டார்கள். அது நாக்கு செய்த வேலை இல்லை, அதிகாரம் செய்த வேலை. வலிக்கத்தான் செய்யும். இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

கடைசியாக நம்ம ஊருக்கு வருகிறேன். 1647-இல் லிஸ்பனில் ஒரு பிள்ளை பிறந்தது. போர்த்துக்கீசியப் பெயர் ஜுவாவ் தெ பிரித்தோ. ஆங்கிலத்தில் ஜான் டி பிரிட்டோ. மறவர் சீமைக்கு வந்து, 1693-இல் ஓரியூரில் வெட்டுப்பட்டு உயிர்விட்டார். தமிழ்நாடு அவரை எப்படிக் கூப்பிடுகிறது? அருளானந்தர்! விவிலியத்து யோவானையும் கத்தோலிக்கர் பல காலம் அருளப்பர் என்றுதான் சொன்னார்கள். பவுல் என்றால் சிறியவர் என்று பொருள். அதனால் போப் இரண்டாம் ஜான் பால் இங்கே இரண்டாம் அருள் சின்னப்பர்.

எபிரேயத்துத் தாய் எந்த அருளை நினைத்துப் பிள்ளைக்குப் பெயர் வைத்தாளோ, கிரேக்கமும் லத்தீனும் பிரெஞ்சும் ஒலியை மட்டும் சுமந்துகொண்டு போனதோ, அந்த அருள் தமிழில் வாய்விட்டுக் கேட்கிறது. இதில் எந்த இடத்தில் பெயர் கெட்டுப்போனது? அம்மா காட்டட்டும். நான் உட்கார்ந்துவிடுகிறேன். (கைதட்டல்)