ஒண்ணேகால் மணி நேரத் தூரம்!

ஒரு சின்னக் கேள்வி. சென்னை விமான நிலையத்திலிருந்து எது பக்கம்... மதுரையா, யாழ்ப்பாணமா?

'இதென்ன கேள்வி, மதுரைதான்' என்பீர்கள். மேப்பில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஆகாய வழியில் மதுரை 400 கிலோமீட்டருக்கும் மேல். யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையமோ சுமார் 355 கிலோமீட்டர்தான்! திருச்சியிலிருந்து இன்னும் கிட்டம். 185 கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும்.

இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பிரிட்டிஷ் விமானப்படை போட்ட ஓடுதளம் பலாலி. போர் முடிந்து, 1947 டிசம்பர் 10-ம் தேதி 'ஏர் சிலோன்' தன் முதல் விமானத்தைக் கிளப்பியது. லண்டனுக்கா? இல்லை. கொழும்பை ஒட்டிய ரத்மலானையில் புறப்பட்டு, காங்கேசன்துறையில், அதாவது இதே பலாலியில் இறங்கி, அங்கிருந்து நேரே மெட்ராஸ்! பறந்தது டகோட்டா என்கிற டி.சி.-3. மணிக்கு 270, 280 கிலோமீட்டர் போகும். ஏறுவதையும் இறங்குவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், யாழ்ப்பாணத்திலிருந்து மெட்ராஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். சினிமா பார்க்க மெட்ராஸ் போய் வந்த கதைகளை அந்தக் காலத்து யாழ்ப்பாணத்துக்காரர்கள் இன்றும் ரசித்துச் சொல்வார்கள்.

எழுபதுகளின் கடைசியில் இந்த விமானங்கள் நின்றுபோயின. பிறகு 1983 வந்தது. யுத்தம் வந்தது. பலாலி ராணுவத் தளமானது. சுற்றியிருந்த கிராமங்களின் மக்கள் வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வெளியேற வேண்டியிருந்தது. 1998 செப்டம்பரில் பலாலியிலிருந்து ரத்மலானை கிளம்பிய பயணிகள் விமானம் மன்னார்க் கடலில் விழுந்து, அதிலிருந்த 55 பேரும் மாண்டார்கள்.

சரி, அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு மகன் எப்படிப் போவான்? யாழ்ப்பாணத்தைத் தாண்டித் தெற்கே கொழும்புக்குப் பறக்கணும். அது 640 கிலோமீட்டர். இறங்கி, திரும்ப வடக்கே ஏ-9 சாலை வழியாகச் சுமார் 400 கிலோமீட்டர் பஸ். ஆக, 355 கிலோமீட்டர் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது! அதுவும் சாலை திறந்திருந்தால்தான். 2002-ல் திறந்த ஏ-9, 2006 ஆகஸ்டில் மறுபடி மூடப்பட்டது.

2009-ல் யுத்தம் முடிந்தும் விமானம் வரவில்லை. இன்னும் பத்து வருடம் போனது. 2019 அக்டோபரில் பலாலி சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட, நவம்பரில் சென்னை விமானம் வந்தது. நாலே மாதத்தில் கொரோனா! மறுபடி பறந்தது 2022 டிசம்பரில். 2025 மார்ச் கடைசியில் திருச்சியிலிருந்தும் விமானம் விட்டார்கள்.

இன்று ஏ.டி.ஆர். விமானத்தில் சென்னை - யாழ்ப்பாணம் ஏறக்குறைய ஒண்ணேகால் மணி நேரம். அன்றைய டகோட்டாவைவிட மிச்சம் கால் மணி நேரம்தான். இத்தனை வருட விஞ்ஞானம் குறைத்துக் கொடுத்தது அவ்வளவே. மனிதர்கள் போட்ட சண்டை கூட்டிவைத்ததோ, ஒரு முழுத் தலைமுறையின் தூரம்.

பலாலியைச் சுற்றி வெளியேறியவர்களில் சிலருக்கு நிலம் திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் அல்ல. சென்னையிலிருந்து வருகிறவருக்கு ஒண்ணேகால் மணி நேரம். பக்கத்து ஊரில் காத்திருக்கும் அவர்களுக்குச் சொந்த வீடு இன்னும் எவ்வளவு தூரம்? அதை அளக்க எந்த ஸ்கேலும் இல்லை.