திருப்பிக் கேட்கப்படும் பரிசம்: உகாண்டா தீர்ப்பும் மனைவியின் மணவிலக்கு உரிமையும்

மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்கு மாடும் ஆடும் பணமும் பரிசமாகக் கொடுப்பது உகாண்டாவின் பல இனக்குழுக்களில் இன்றும் உள்ள வழக்கம். டொரோரோ மாவட்டத்தில் உருவான மிஃபூமி என்ற மகளிர் அமைப்பு 2007இல் இவ்வழக்கத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. 2010இல் அரசமைப்பு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. மேல்முறையீட்டில், 2015 ஆகஸ்ட் 6 அன்று, உச்ச நீதிமன்றம் வேறொரு முடிவுக்கு வந்தது: பரிசம் கொடுப்பது அரசமைப்புக்கு முரணன்று, மணம் முறியும்போது அதைத் திருப்பிக் கேட்பதே முரண். நீதிமன்றம் சரியான முடிச்சைத்தான் அவிழ்த்தது, ஆனால் பாதியில் நிறுத்திவிட்டது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பரிசத்தைக் கண்டிப்போர் பெரும்பாலும் ‘பெண்ணை விலைக்கு வாங்குகிறார்கள்’ என்றே தொடங்குகிறார்கள். அந்தக் கண்டனம் மெய்யான தீங்கைத் தொடுவதில்லை. மானிடவியலாளர் ஜாக் கூடியும் இலங்கைத் தமிழரான எஸ்.ஜே. தம்பையாவும் 1973இல் வெளியிட்ட நூலில், பரிசப் பொருள் ஒரே இடத்தில் தங்காமல் சுற்றிவரும் நிதி என்று கூடி விளக்கினார். அக்காளுக்கு வந்த மாடுகள் தொழுவத்தில் நிற்பதில்லை. தம்பியின் மணத்துக்காக இன்னொரு வீட்டுக்குப் போய்விடுகின்றன. சில ஆண்டுகள் கழித்து அடி தாங்காமல் அவள் பிறந்த வீட்டுக்கு வருகிறாள். கணவன் வீட்டார் மாடுகளைக் கேட்கிறார்கள். தந்தை எதை ஓட்டிவிடுவார்? மருமகளைக் கொண்டுவரக் கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது. கடன் வாங்கவும் வழியில்லை. ‘பொறுத்துக்கொண்டு போ’ என்று மகளை அனுப்பிவைக்கிறார். அவர் கல்நெஞ்சர் அல்லர், கடனாளி. மகளின் மணவிலக்கு உரிமை அந்தக் கடனுக்குப் பிணையாகிவிடுகிறது.

இந்த நிலையை நீதிமன்றம் கண்டது. முதன்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி தும்வெசிகியே, பல ஆண்டுகளுக்குப் பின் பரிசத்தைத் திருப்பித் தரும் வசதி பெற்றோருக்கு இராது என்றும், மணவாழ்வில் மனைவி ஆற்றிய பங்கை இவ்வழக்கம் கணக்கிலேயே கொள்வதில்லை என்றும் சுட்டினார். மணத்திலும் அதன் முறிவிலும் இருபாலருக்கும் சமவுரிமை தரும் அரசமைப்பின் 31ஆம் உறுப்பு இங்குதான் உயிர்பெற்றது. அவள் உழைத்த ஆண்டுகளும் பெற்று வளர்த்த பிள்ளைகளும் கழிவுக்கு வராத ஒரு கணக்கை நீதி என்று சொல்ல முடியாது.

பரிசத்துக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது கல்வி பற்றியது. 1970களில் இந்தோனேசியா நடத்திய மாபெரும் பள்ளிக்கட்டும் திட்டத்தை நாவா அஷ்ராஃபும் பிறரும் ஆராய்ந்தனர். பரிச வழக்கமுள்ள இனக்குழுக்களிடையேதான் அதனால் பெண்கல்வி உயர்ந்தது என்று கண்டனர். படித்த பெண்ணுக்குப் பரிசம் கூடும் என்பதே காரணம். இந்த முடிவை ஒதுக்கிவிட முடியாது. ஆனால் மகளைப் பள்ளிக்கு அனுப்பத் தந்தைக்கு ஊக்கம் கிடைப்பது வேறு, மணத்துக்குள் மனைவிக்கு உரிமை கிடைப்பது வேறு. முன்னது இருப்பதால் பின்னதும் வந்துவிடும் என்று அந்த ஆய்வு நிறுவவில்லை.

தீர்ப்பு நின்றுபோன இடம் எது? கொடுப்பவர், வாங்குபவர் என்ற இரு தரப்பிலும் மணப்பெண் இல்லை. அந்த அமைப்பைப் பெரும்பான்மையினர் அப்படியே விட்டுவிட்டனர். பகுதி மாறுபட்ட தீர்ப்பை எழுதிய நீதிபதி எஸ்தர் கிசாக்யே அதையும் கேள்விக்கு உட்படுத்தினார்; அவர் பக்கமே நியாயம் கூடுதல் என்பது என் முடிபு. மேலும், வழக்கத் திருமணங்களின் முறிவு பெரும்பாலும் குலப் பெரியவர்கள் கூடும் இடத்தில் பேசித் தீர்க்கப்படுகிறது. தலைநகர் கம்பாலாவில் சொன்ன தீர்ப்பு அங்கே தானாகப் போய்ச் சேராது.

இந்த இடைவெளியை நிரப்ப ஒரு முன்மாதிரி உண்டு. தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு வழக்கத் திருமண ஏற்புச் சட்டம் லோபோலா என்னும் பரிசத்தைத் தடைசெய்யவில்லை. ஆனால் மனைவிக்குக் கணவனுக்கு நிகரான சட்டத் தகுதியைத் தந்தது. மணவிலக்கை நீதிமன்ற ஆணையால் மட்டுமே பெற முடியும் என்றும் விதித்தது. உகாண்டா நாடாளுமன்றமும் இந்த இரண்டையும் சட்டமாக்க வேண்டும். அதோடு, பரிசம் எதுவானாலும் அது மணப்பெண்ணின் பெயரிலேயே பதிவாக வேண்டும்.