முளைகட்டிய மாவும் டின் மாவும்

ஆறு மாதம் முடிந்த பிள்ளைக்கு முதலில் எதைக் கொடுப்பது என்ற பேச்சு வந்தாலே அரிசியா, கேழ்வரகா, கோதுமையா, ஓட்ஸா என்று தானியங்களை வரிசையாக நிறுத்திவிடுகிறோம். தாய்ப்பாலோடு சேர்த்து ஊட்டும் இணை உணவின் வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. எந்தத் தானியம் என்பது இரண்டாவது கேள்வி. கிண்ணத்துக்கு வருமுன் அந்தத் தானியத்தை என்ன செய்தார்கள் என்பதே முதல் கேள்வி. எல்லா மாவுக்கும் ஒரே சிக்கல்தான்: அதிலுள்ள மாவுச்சத்து சூட்டில் தண்ணீரைக் குடித்து உப்பிவிடும். கெட்டியாகக் கிண்டினால் களியாகிவிடும். பல் முளைக்காத வாயால் அதை விழுங்க முடியாது. தண்ணீர் விட்டு இளக்கினால் வயிறு நிரம்பும், சத்து சேராது. ஏழெட்டு மாதக் குழந்தையின் வயிறு ஒரு வேளைக்குக் கால் லிட்டரைத் தாண்டிக் கொள்ளாது. நீர்த்த கஞ்சியை எத்தனை வேளை ஊட்டினாலும் பிள்ளை தேறாமல் போவதற்கு இந்தச் சின்னக் கணக்கும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் இதற்கு ஒரு வழி புழக்கத்தில் இருந்தது. கேழ்வரகை இரவு முழுக்க ஊறவைத்து, தண்ணீரை வடித்து, ஈரத்துணியில் முடிந்து வைப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் வெள்ளை வெள்ளையாக முளை எட்டிப்பார்க்கும். அதைக் காயவைத்து, கையால் கசக்கி முளையை உதிர்த்துப் புடைத்து, வாசனை வரும்வரை மட்டும் வறுத்து, அரைத்துச் சலிப்பார்கள். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்த பிறகே அடுப்பில் ஏற்றுவார்கள், அதுவும் சிறுதீயில். இதில் ஒவ்வொரு படிக்கும் வேலை உண்டு. முளைக்கும்போது தானியத்துக்குள் அமிலேஸ் என்ற நொதி பெருகுகிறது. கரைசல் மெல்லச் சூடேறும் சில நிமிடங்களில் அது மாவுச்சத்தின் நீண்ட சங்கிலிகளை வெட்டிவிடுகிறது. அதனால் அதே தண்ணீரில் கூடுதல் மாவு கரைந்தும் கஞ்சி ஓடும் பதத்திலேயே நிற்கிறது. கொதிக்கும் நீரில் மாவைக் கொட்டினால் வேலை செய்வதற்குள் நொதி செத்துவிடும். சிவக்கச் சிவக்க வறுத்தாலும் அதே கதிதான்.

மைசூரின் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தில் தேசிகாச்சார் என்ற ஆய்வாளர் இந்த முறையை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோனார். மரபு முறைகளைக் கொண்டே, சூட்டில் அதிகம் கெட்டிப்படாத, ஆற்றல் மிகுந்த இணை உணவைச் செய்யலாம் என்று 1980இல் எழுதினார். மல்லேஷி என்ற ஆய்வாளரும் அவரும் முளைகட்டிய கேழ்வரகையும் பாசிப்பயறையும் சேர்த்து அப்படியொரு கலவையை 1982இல் வெளியிட்டார்கள். முளைகட்டுவதற்குக் கேழ்வரகு தோதான தானியம். நொதி நன்றாக ஊறும், மணமும் நன்றாக இருக்கும். சோளத்தையும் முளைகட்டலாம், ஆனால் அதன் முளையில் சயனைடைத் தரும் பொருள் இருப்பதால் முளையை ஒட்ட நீக்கியாக வேண்டும்.

டின் மாவு வந்த வழி வேறு. டொரொண்டோவின் குழந்தைகள் மருத்துவமனையில் ஆலன் பிரவுன், டிஸ்டால், டிரேக் என்ற மூன்று மருத்துவர்கள் 1930களின் தொடக்கத்தில் பாப்ளம் என்ற மாவை உருவாக்கினார்கள். கோதுமை, ஓட்ஸ், மக்காச்சோளத்தோடு எலும்புத்தூள், ஈஸ்ட், இரும்புச்சத்து எல்லாம் அதில் இருந்தன. ஆனால் அது வீடுவீடாகப் பரவியதற்குச் சத்து மட்டும் காரணமாக இருக்க முடியாது. அதுவரை நெடுநேரம் வேகவைத்து ஊட்டிய தானியம், முன்பே வெந்து உலர்ந்து டப்பாவில் வந்தது. பாலோ வெந்நீரோ விட்டுக் கலக்கினால் போதும். அந்தச் சுலபம் ஒரு வினையையும் கூட்டிவந்தது. ஊட்டுவது எளிதாக ஆக, ஊட்டத் தொடங்கும் நாளும் முன்னே நகர்ந்தது. பிறந்த இரண்டாம் மூன்றாம் நாளிலேயே தானியம் கொடுக்கலாம் என்று சாக்கெட் என்ற அமெரிக்க மருத்துவர் 1953இல் எழுதும் அளவுக்குப் போனது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்று உலக சுகாதாரச் சபை தெளிவாகத் தீர்மானித்தது 2001இல்தான். நம் நாட்டுச் சட்டத்திலும் இந்தத் தடுமாற்றம் பதிவாகியிருக்கிறது: குழந்தை உணவு விற்பனையை ஒழுங்குபடுத்தும் 1992ஆம் ஆண்டுச் சட்டம் நான்கு மாதம் என்று வைத்திருந்த எல்லை, 2003இல் திருத்தப்பட்டு ஆறு மாதமானது. குழந்தை உணவுக்கு விளம்பரம் கூடாது என்பதும் அந்தச் சட்டம்தான்.

முளைமாவைப் பற்றிய இந்தப் பேச்சைப் பாட்டி வைத்தியப் புகழ்ச்சி என்று யாராவது தள்ளினால் அதில் பாதி நியாயம் இருக்கிறது. டின் மாவில் இரும்புச்சத்து சேர்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு தாய்ப்பாலிலிருந்து கிடைக்கும் இரும்பு போதாது. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து நூறு கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் உண்டு. அரிசியில் பத்தைச் சுற்றித்தான். ஆனால் கேழ்வரகிலுள்ள இரும்பில் உடலில் ஒட்டுவது கொஞ்சமே, தானியத்திலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்துவைத்துக்கொள்கிறது. முளைகட்டினால் அந்தப் பிடி தளரும், முழுக்க விடாது. துணியில் வடிகட்டிப் பாலெடுத்தால் ஃபைட்டேட்டோடு தோலிலுள்ள சுண்ணாம்பும் திப்பியில் போய்விடும். ஆகவே கேழ்வரகுக் கூழே முழு உணவு என்பது தவறு. பருப்பு, முட்டை மஞ்சள் கரு, ஈரல், கீரை என்று ஏதாவது சீக்கிரம் சேர்ந்தாக வேண்டும். ஈரத்துணியில் பூஞ்சை பிடிக்கும் ஆபத்தும் உண்மையே. எல்லாவற்றையும்விட வலுவான ஆட்சேபம் உழைப்பைப் பற்றியது. காலையில் களையெடுக்கப் போகிற தாய்க்கு முளைகட்டி, உலர்த்தி, உதிர்க்க நேரம் ஏது? அந்த முறை எல்லா வீட்டு வழக்கமாகவும் இருந்ததில்லை. பல வீடுகளில் பிள்ளைக்குக் கிடைத்தது வடித்த கஞ்சித் தண்ணீர்தான்.

ஆனால் இந்த ஆட்சேபத்துக்கு டின்தான் விடை என்று ஆகாது, அந்தத் தாயால் டின் வாங்கவும் முடியாது. அரைத்துக் கொடுக்கும் வேலையை ஊரே ஏற்பது இன்னொரு விடை. உலக வங்கி உதவியோடு 1980இல் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் எடைபோட்டு, எடை ஏறாதவர்களுக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். பின்னாளில் அங்கன்வாடி வழியே வந்த சத்துமாவில் கோதுமை, கடலை, வெல்லத்தோடு முளைகட்டிய கேழ்வரகு மாவும் சிறு பங்கு உண்டு. அந்தப் பங்கு சிறிதாக இருப்பதில் குறையில்லை. நொதி வேலை செய்ய முளைமாவு கொஞ்சம் இருந்தாலே போதும்.

இன்று கடைகளில் இருபது, முப்பது பொருள் போட்ட சத்துமாவுப் பொட்டலங்கள் குவிந்திருக்கின்றன. முளைகட்டிய தானியம் என்று உறையில் எழுதியிருப்பார்கள்; உள்ளே எல்லாமே சிவக்க வறுபட்டிருந்தால் அந்த நொதி மிஞ்சாது. பெரிய பிள்ளைகளுக்கு அதனால் கேடில்லை. ஊட்டத் தொடங்கும் முதல் மாதத்துக்கு மட்டும் அந்தப் பொட்டல மாவு பொருந்தாது. முந்திரி, நிலக்கடலை, கோதுமை, சோயா எல்லாம் ஒரே கரண்டியில் உள்ளே போன பிறகு உடம்பில் தடிப்பு எழுந்தால், எதை நிறுத்துவது என்று மருத்துவராலும் சொல்ல முடியாது.