வீட்டுத் திண்ணையிலிருந்து உலகச் சந்தைக்கு



கைப்பேசியின் திரையைத் தொட்டு, கடல் கடந்த ஊரொன்றில் ஒருவர் தம் வீட்டிலிருந்து கையாற் செய்த பொருளை விலைக்கு வாங்கும் காலம் இது. இதனை முழுப் புதுமையென்றே பலரும் கருதுகின்றனர். கருவி புதியது என்பதில் ஐயமில்லை. ஆயின் அதனூடே நிகழும் கொடுக்கல் வாங்கல் பழையது. வீட்டிலிருந்து உழைப்பவருக்கும் தொலைவிலிருந்து வாங்குபவருக்கும் நடுவே நிற்பவர் யார்? அவர் கொடுப்பது எவ்வளவு, எடுப்பது எவ்வளவு? இவ்வினாக்களுக்கு வரலாறு தந்துள்ள விடைகளுட் சிலவற்றை இன்று நோக்குவோம்.

ஸ்கொத்லாந்துக்கு வடக்கே ஷெற்லாந்து என்னும் தீவுக் கூட்டம் உண்டு. அங்கே ஆடவர் கடலுக்குச் செல்ல, பெண்கள் வீட்டுப் பணிகளுக்கிடையே ஆட்டுமயிர் நூலாற் காலுறைகளும் சால்வைகளும் பின்னி வந்தனர். அடுப்பெரிப்பதற்குரிய சதுப்புநில மண்கட்டிகளைக் கூடையிலிட்டு முதுகிற் சுமந்து நடக்கும் வேளையிலும் அவர்தம் கைகள் பின்னல் ஊசியை விட்டதில்லை. அத்தீவிற் பிறந்தவர் ஆதர் அண்டர்சன். பிற்காலத்திற் காலித் துறைக்கும் கொழும்புத் துறைக்கும் வந்து சென்ற பி அன்ட் ஓ கப்பற் கம்பனியைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். தம் ஊர்ப் பின்னல் வேலைப்பாட்டை விக்டோரியா மகாராணிக்கு அன்பளிப்பாக அளித்து, அதன் புகழைப் பரப்பினார். ஷெற்லாந்துச் சால்வை சீமாட்டிகளின் தோள்களை அலங்கரித்தது.

அதனைப் பின்னிய பெண்ணுக்குக் கிடைத்தது யாது? 1872 ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு வில்லியம் கத்றி என்பவரைக் கொண்டு ஷெற்லாந்தில் ஒரு விசாரணை நடத்தியது. பின்னற்காரிகள் பலர் முன்வந்து சாட்சியம் அளித்தனர். சால்வையைக் கொண்டு சென்றால் வணிகர் காசு கொடுப்பதில்லை. தம் கடையிலுள்ள துணியையும் தேயிலையையுமே விலைக்கு ஈடாகக் கொடுத்தனர். வீட்டுக்கு மாவும் கிழங்கும் வேண்டிய பெண், அத்தேயிலையை அயலாரிடம் கொடுத்து, நட்டத்துடன் உணவுப் பொருளைப் பெறவேண்டியிருந்தது. பொருளுக்கு விலை கூறியவர் வணிகர். ஈடாகக் கொடுத்த துணிக்கு விலை கூறியவரும் அவரே. கணக்கேட்டை வைத்திருந்தவரும் அவரே. 1887 இல் இம்முறைக்கெதிரான திருத்தச் சட்டம் ஒன்று வந்தது. எனினும் ஊறிய வழக்கம் உடனே ஒழிந்துவிடவில்லை.

ஸ்கொத்லாந்தின் மேற்குப் புறத்திலுள்ள ஹரிஸ் தீவில் இச்சிக்கல் வேறொரு வடிவிற் தோன்றியது. அங்குள்ள குடியானவர் வீடுகளில் நெய்த தடித்த கம்பளித் துணியை 1840 களிலே டன்மோர் சீமாட்டி தம் செல்வந்த நண்பர்களிடையே அறிமுகஞ் செய்தார். துணிக்கு மதிப்பு ஏறியது. ஏறவே, பிறவிடத்து ஆலைத் துணிகளும் ஹரிஸ் என்ற பெயரைச் சூடிக்கொண்டு சந்தைக்கு வந்தன. நெசவாளரின் கைத்திறனைக் களவாட இயலாதவர் அவரது பெயரைக் களவாடினர் எனலாம். இதனைத் தடுக்க 1909 இல் ஒரு சங்கம் அமைந்தது. உருண்டையின் மேற் சிலுவை பொறித்த முத்திரை 1911 முதல் உண்மைத் துணிகளிற் பதிக்கப்பட்டது.

அம்முயற்சி 1993 ஆம் ஆண்டிற் பாராளுமன்றச் சட்டமாகவே நிறைவெய்தியது. அவ்வட்டாரத் தீவுகளில் வாழ்வோர், அங்குள்ள தம் வீடுகளிலேயே கையால் நெய்த துணி மட்டுமே ஹரிஸ் துணி எனப்படும் என்று அச்சட்டம் வரையறுத்தது. நூலை அத்தீவுகளிலுள்ள ஆலையில் நூற்கலாம், சாயமும் தோய்க்கலாம்; நெசவு மட்டும் வீட்டை விட்டு வெளியேறலாகாது. எந்த இடத்தில் இயந்திரம் நுழையலாம், எந்த இடத்தில் நுழையலாகாது என்பதை ஒளிவுமறைவின்றிக் கூறியமையே இச்சட்டத்தின் சிறப்பு.

இவ்விரு தீவுகளின் அனுபவத்தையும் மனத்திற் கொண்டு இணையச் சந்தையை நோக்குவோம். 2005 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரின் புரூக்லின் பகுதியில் எற்சி என்னும் இணைய அங்காடி தோன்றியது. கைவினைஞர் தம் வீட்டிலிருந்தவாறே உலகெங்கும் விற்பதற்கு அது வாயில் திறந்தது. ஷெற்லாந்துப் பின்னற்காரி கனவிலும் காணாத வசதி அது: பொருளுக்கு விலை குறிப்பவர் செய்தவரே, விலையும் பணமாகவே வருகின்றது. ஆனால் பழைய வினாக்கள் அங்கும் தலைகாட்டின. 2013 இல், வெளியாருடைய உற்பத்திச் சாலைகளின் உதவியைப் பெறவும் விற்பனையாளருக்கு அந்நிறுவனம் இடமளித்தது. கைப்பணி என்ற சொல்லின் எல்லை எதுவென்ற வாதம் மூண்டது. 2015 இல் அதன் பங்குகள் பொதுச் சந்தைக்கு வந்தன. 2022 ஏப்பிரிலில் விற்பனைக் கட்டணத்தை அது நூற்றுக்கு 5 இலிருந்து 6.5 ஆக உயர்த்தியபோது, விற்பனையாளர் பலர் தம் இணையக் கடைகளைச் சில நாள் மூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். விலை குறிக்கும் உரிமை கைவினைஞரிடம் வந்தது. கணக்கேடோ இன்னும் பிறர் கையிலேயே இருக்கின்றது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாறு அந்நியமன்று. கைப்பணிப் பொருள்களை விற்பதற்கென 1964 இல் லக்சல தோன்றியது. 1978 இற் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டது. 1983 முதல் 2009 வரை நாட்டை வாட்டிய போரின் பின்னர், வடக்கிலும் கிழக்கிலும் குடும்பப் பாரத்தைத் தனித்துத் தாங்கிய பெண்கள் பலர். அவர்களுட் சிலருக்குப் பனையோலையும் தறியும் தையற்பொறியும் துணையாயின. இன்று கைப்பேசியிற் படம் காட்டி, அஞ்சலிலோ தனியார் பொதிச் சேவையிலோ பொருளை அனுப்புவோரையும் நம் ஊர்களிற் காண்கின்றோம்.

படத்திற் காணும் ஓலைப்பெட்டி சிறியதாய்த் தோன்றும். குருத்தோலையை வெட்டி, வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அளவாக வார்ந்து, சாயங் காய்ச்சித் தோய்த்து, மீண்டும் உலர்த்தி, அதன் பின்னரே பின்னத் தொடங்குகின்றனர். இவ்வுழைப்பிற் பெரும்பகுதி படத்திற் தெரிவதில்லை. எனவே பிளாத்திக்குப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டு, "இதற்கு இவ்வளவா?" என்று கேட்பது எளிதாகின்றது. அவ்வாறு கேட்கும்பொழுது, நாம் நம்மையறியாமலே ஷெற்லாந்து வணிகரின் இடத்திற் சென்று அமர்ந்துவிடுகின்றோம்.

ஆகவே, வாங்குவோர் கேட்கவேண்டியவை வேறு. இதனைச் செய்தவர் யார்? எவ்வூரினர்? எப்பகுதி கையாற் செய்யப்பட்டது, எப்பகுதி பொறியால்? நாம் கொடுக்கும் விலையில் அவர் கைக்குச் சேர்வது எவ்வளவு? நேர்மையான கைவினைஞர் இவ்வினாக்களால் மனம் நோகார், மகிழ்ந்தே விடையளிப்பர். விற்போருக்கும் கடமை உண்டு. ஆலைப் பொருளைக் கைப்பொருளென்று கூறுவதும், குறித்த நாளிற் பொருளை அனுப்பத் தவறுவதும் தமக்கு மட்டுமன்றி, அடுத்த வீட்டுக் கைவினைஞருக்கும் செய்யும் தீங்காகும். ஹரிஸ் நெசவாளர் ஒரே முத்திரையின் கீழ் ஒன்றுகூடியதன் காரணமும் இதுவே.

வணிகரின் கடை, அஞ்சல், இணையம் என வழிகள் மாறி வந்துள்ளன. வழி எதுவாயினும், பொருளோடு செய்தவரின் பெயர் வாங்குபவரைச் சென்றடைதலும், விலை குறையாமற் செய்தவரைச் சென்றடைதலும் வேண்டும். இவ்விரண்டும் நிகழும் சந்தையே நல்ல சந்தை. அதனை அமைக்கும் ஆற்றல் சட்டத்துக்கும் சங்கத்துக்கும் உண்டு. ஒரு பெட்டி வாங்கும் நமக்கும் உண்டு.